ராஜ்மாவுக்கு எதிராக ஏழு கையெழுத்து

எண்ணூர்த் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துவரும் டக் படகு ஒன்றில் நான் பண்டாரி. கடலில் சமையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாம் மாத முடிவில் கேப்டன் என்னைப் பற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். அதற்கு முன்பு மணலியில் டேங்கர் லாரி கழுவிக்கொண்டிருந்தேன். திரும்ப அங்கே போகிற எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. வீட்டுக்காரி வேறு ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கப்பலில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் புதுக் கேப்டன் வந்தார். கடற்படையில் இருந்தவர். ஆள் வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது. மேலதிகாரி பேச்சை மீறிப் புயலில் கப்பலை ஓட்டி மீனவர்களைக் காப்பாற்றினார் என்று ஒரு கட்சி. அதெல்லாம் சும்மா, கப்பலை மணல் திட்டில் ஏற்றிவிட்டார், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. இதற்காக டீக்கடையில் இரண்டு பேர் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேருமே கடலில் கால் நனைக்காதவர்கள்.

அவர் செய்த முதல் காரியம், என் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டியது. திங்கள் ராஜ்மா, செவ்வாய் சுரைக்காய்க் கூட்டு, புதன் சோயா உருண்டை, வியாழன் மறுபடி ராஜ்மா. காரம் குறைவு, எண்ணெய் குறைவு. மீன் இல்லை. கருவாடு என்ற பேச்சே கூடாது. காரமாகத் தின்றால் மனுஷனுக்குத் தூக்கம் வரும், தூங்குகிறவன் கயிறு பிடிக்க லாயக்கில்லை என்பது அவர் கட்சி. சுற்றிலும் மீன் துள்ளும் கடலில், நெட்டுக்குப்பத்திலும் காசிமேட்டிலும் பிறந்த ஆட்களுக்கு இந்தச் சட்டம்.

ராஜ்மா என்கிற அந்த வடக்கத்திப் பயறை நான் அதற்கு முன்பு தொட்டதில்லை. இரவே ஊற வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. முதல் திங்கட்கிழமை அது தட்டில் விழுந்த சத்தம் எஞ்சின் அறை வரை கேட்டது. மூன்றாவது வாரம் ஓரளவு வெந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் பக்கம் மனுவில் கையெழுத்துப் போடுவது தினசரி வேலை. மணலி ஆலை வாடை தாங்கவில்லையா, மனு. எர்ணாவூரில் தண்ணீர் வரவில்லையா, மனு. நீட்டினால் போட வேண்டும். வாங்கிப் படித்துப் பார்த்தால், எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று நீட்டியவருக்குக் கோபம் வந்துவிடும். அதனால் ஒரு நாள் காலை எங்கள் சாரங்கு என்னிடம் ஒரு தட்டுக் கேட்டு வாங்கி, அதைத் தாளின் மேல் கவிழ்த்து வட்டம் போட்டபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. நெட்டுக்குப்பத்துக்காரர் அவர், கயிறு பிடிக்கிற ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி, படகில் மூத்தவர். வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டால் யார் முதலில் போட்டது என்று ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். ஐந்து பேர் போட்டார்கள். அவரும் போட்டார். நானும் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு போட்டேன்.

அன்று நிலக்கரிக் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்தோம். மதியம் மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. ஆறு பேரும் மேல்தட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். தாள் கேப்டன் கைக்குப் போய்விட்டது. அப்போதுதான் அதில் எழுதியிருந்தது எனக்குத் தெரிந்தது: சமையலை வாயில் வைக்க முடியவில்லை, மாற்றும் வரை சாப்பிட மாட்டோம்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியோடு சாரங்கிடம் போனேன்.

"இன்னா நைனா, என் தலையில கை வச்சிக்கீற?"

"கேப்டன்னு எழுதினா கலகம், மாமு. சமையல்னு எழுதினா வெறும் மனு. உன் பேர எங்கியாவது போட்டுக்கீறனா?"

படகில் சமைப்பது நான் ஒருவன்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கேப்டன் என்னை மேலே கூப்பிட்டார். மேசையில், படகில் அன்றாடம் நடப்பதை எழுதும் லாக் புத்தகம் விரித்திருந்தது, பக்கத்தில் அந்த வட்டம்.

"இது உன் கையெழுத்துதானே?"

ஆமாம் என்றேன். தன் சமையல் மேல் தானே புகார் கொடுத்த பண்டாரியை அவர் முப்பது வருஷத்தில் பார்த்ததில்லையாம். பிறகு நிதானமாக விளக்கினார். கடலில் எல்லாரும் சேர்ந்து சாப்பாட்டை மறுத்தால் புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். கலகம் என்று எழுதினால் அந்த ஆறு பேரும் அடுத்த மாதம் வேறு வேலை தேடலாம். சமையல்தான் காரணம் என்றால், ஒரு பண்டாரியை மாற்றினால் தீர்ந்தது.

"நீயே சொல்லு. எதை எழுதட்டும்?"

கண்ணாடி வழியே கீழே பார்த்தேன். உச்சி வெயிலில் வெறும் வயிற்றோடு ஆறு பேர். அதில் ஒருத்தன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். காரம் தின்னாமலே தூக்கம் வந்திருக்கிறது. ஆறு பேர் மேலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அவர்களை விட்டால் எனக்கு வேறு ஆளும் இல்லை. மணலி லாரிகள் வரிசையாகக் கண்ணில் வந்து நின்றன.

"சமையல்தான் சார் கலீஜு. நானே துன்ன மாட்டேன். அப்படியே எழுதிக்கோ சார்."

அவர் பேனாவைத் திறந்தார். புத்தகத்தில் எழுதுவார் என்று நினைத்தேன். தாளை இழுத்தார். என் கையெழுத்துக்கும் சாரங்கின் கையெழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே தன் கையெழுத்தைப் போட்டார்.

"மூணு வாரமா நானும் முழுங்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

கீழே இறங்கிவந்து சுவர்த் தாளை அவரே கிழித்தார். மதியம் அனைவரும் உணவை மறுத்தனர், கேப்டன் உட்பட என்றுதான் லாக்கில் ஏறியது. ஆபீசில் அதைப் படித்தவர்களுக்கு யார் மேல் நடவடிக்கை எடுப்பது என்றே புரியவில்லை, விட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலம் சாரங்கு தூண்டில் போட்டுப் பிடித்த சங்கராவைக் குழம்பு வைத்தேன். கேப்டன் மூன்று தடவை சோறு வாங்கினார். காரத்தில் மூக்கு ஒழுகியது. துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்.

மாதம் முடிந்ததும் என்னைப் பற்றிய தாள் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் வீட்டுக்காரிதான் படித்துச் சொன்னாள். வேலை நிரந்தரம் செய்யலாம். ஆளை முழுதாக நம்பலாம். சமையல் சுமார்.

இரண்டாவது வரியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மூன்று தடவை வாங்கித் தின்றுவிட்டுச் சுமார் என்று எழுத அந்த மனுஷனுக்கு எப்படித்தான் கை வந்ததோ.