முக்கால் நிமிடம் பிந்தி வரும் ஆட்டம்

சனிக்கிழமைகளில் என் முதல் வேலை, பாலேர்மோவில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள தெருவில், நாலாம் மாடியில், ஒரு வயதான சிஞ்ஞோராவின் படுக்கையறை யன்னலைத் திறப்பது. முழுவதும் திறக்கக்கூடாது. மரத்தட்டியை ஒரு சாண் தள்ளினால் போதும், வெளிச்சம் கட்டில்வரை வந்து நின்றுவிடும். பிறகு கோப்பி. பிறகு இரண்டு தலையணைகளை அவரின் முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்திவிட்டு, அவரின் மகன் வாங்கிக் கொடுத்த டாப்லெட்டை அலுமாரி மேலிருக்கும் புனிதையின் சிலையில் சாய்த்து வைப்பேன். அந்த நேரம் மெல்பேர்ணில் பின்னேரம். பச்சைப் புல்தரையில் என் மருமகள், அக்காவின் மகள், ஓடிக்கொண்டிருப்பாள்.

அவள் விளையாடுவது எங்களுக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் அல்ல. அவுஸ்திரேலியாக்காரரின் தனி ஆட்டம். பந்தும் முட்டை வடிவம், திடலும் முட்டை வடிவம். உதைக்கலாம், கையில் பிடிக்கலாம், பிடித்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கொஞ்சத் தூரத்துக்கு ஒருமுறை பந்தை நிலத்தில் தட்டி எடுக்க வேண்டும். மற்றப் பக்கத்துப் பெண்கள் பாய்ந்து கட்டிப்பிடித்து விழுத்துவார்கள். அதற்கு நடுவர் ஊதுவதில்லை. இரண்டு அந்தத்திலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்குள்ளால் உதைத்தால் ஆறு புள்ளி. தவறி ஓரத்தால் போனால் ஒரு புள்ளி.

"தவறினாலும் ஒண்டு குடுக்கினமோ?" என்று சிஞ்ஞோரா முதல் நாள் கேட்டார். அவர் பேசுவது சிசிலி மொழி. எனக்குத் தெரிந்த இத்தாலியனும் இப்படியான வீடுகளில் கேட்டுப் பழகியதுதான். "இதை என்ரை புருஷனுக்குக் காட்டியிருக்க வேணும். நாப்பது வருஷம் என்ரை பிழையளுக்கு அரைப் புள்ளிகூடத் தராத மனுஷன்."

மருமகளை ஒரு கழகம் தெரிவு செய்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அதுவரை பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடியவள். அன்று நான் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தடியில் பஸ்ஸுக்கு நின்றேன். அக்காவின் அழைப்பு வந்தது.

"டேய், பெட்டையை எடுத்திட்டாங்கள். டிவியில பேர் வாசிச்சவங்கள்!"

"நல்லது அக்கா."

"நல்லதோ? அவ்வளவுதானோ? டேய், வாயைத் திறந்து கதையன். காசே குடுக்கப்போறாய்?"

எனக்கு அப்போதும் கதை வரவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்த ஆள் நான். அதனால் அல்ல, ஆறாம் வகுப்புக்குப் போயிருந்தாலும் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று அக்கா சொல்லுவா. பஸ்ஸை விட்டுவிட்டு வியா மக்வேதா வழியாக நடந்தே வேலைக்குப் போனேன். கடைக் கண்ணாடிகளில் என் முகம் சிரித்துக்கொண்டு கூடவே வந்தது.

தொழிலாக விளையாடுவது என்றால் நான் நினைத்ததுபோல் சொகுசு இல்லை. காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பழக்குவாள். பின்னேரம் கழகத்தில் பயிற்சி. ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நிற்பாள். விரல்களில் எப்போதும் வெள்ளைப் பட்டி. ஆட்டத்துக்கு அடுத்த காலை தொடையெல்லாம் இறுகி, வீட்டுப் படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடியுமாம். நானும் மாடிப்படி கழுவும்போது பின்பக்கமாகவே இறங்குகிறவன். அதைக் கேட்ட நாளிலிருந்து, ஈரத் துணியோடு ஒவ்வொரு படியாக இறங்கும்போது, பூமியின் மற்றப் பக்கத்தில் அவளும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டே இறங்கினால் நாலு மாடியும் தெரியாது.

முதலாவது ஆட்டத்துக்கு அக்கா போனா. மருமகளை இரண்டு பேர் சேர்த்து விழுத்தியதும், வேலிக்கு மேலால் ஒரு காலைப் போட்டுவிட்டா. காவலாளிகள் பிடித்து இறக்கினார்கள். அது பெரிய திரையிலும் வந்ததாம்.

"அம்மா, இனி நீங்க காருக்குள்ளயே இருங்கோ," என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

அக்கா இருந்தா. மகளை ஆட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதை மட்டும் விடவில்லை. வாகனத் தரிப்பிடத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு அழைப்பா.

"நீ பார்த்துச் சொல்லு. எனக்கு ஆட்டம் வேண்டாம், புள்ளி வேண்டாம். விழுந்தாளோ, எழும்பிட்டாளோ, அதை மட்டும் சொல்லு."

"அங்கை உங்களுக்குப் பக்கத்தில ஆக்கள் இல்லையோ அக்கா?"

"இருக்கினம். அவையள் கூட்டிக் குறைச்சுச் சொல்லுவினம். உனக்கு அலட்டத் தெரியாது. கண்டதைத்தான் சொல்லுவாய்."

என்னை யாரும் எதற்கும் இப்படி நம்பியதில்லை. அன்றிலிருந்து டாப்லெட்டில் ஆட்டம், காதில் அக்கா. நான் சொல்வது இரண்டே சொல். "விழுந்திட்டாள்." "எழும்பிட்டாள்." முதல் சொல்லுக்கும் இரண்டாவது சொல்லுக்கும் நடுவில் அக்கா மூச்சு விடுவதில்லை.

ஒரு விசயம் எங்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் எடுத்தது. டாப்லெட்டில் வரும் ஆட்டம் உண்மையான ஆட்டத்துக்கு முக்கால் நிமிடம் பிந்தியது. திடலில் சனம் கத்தும் சத்தம் காருக்குள் அக்காவுக்கு உடனே கேட்கும்.

"டேய், என்ன கத்துறாங்கள்? என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை அக்கா."

"பொய் சொல்லாதை, கத்துறாங்கள்!"

"இஞ்சை இன்னும் நடக்கேல்லை."

அக்காவுக்குச் சத்தம் முதலில். எனக்குக் காட்சி பிறகு. இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு ஆட்டம். வேலை முடிந்து தெருவில் நடக்கும்போது அந்த முக்கால் நிமிடம் என்னோடு வரும். முன்னால் போகிற ஸ்கூட்டரும், பல்கனியில் துணி உதறுகிற பெண்ணும், மணிக்கூண்டிலிருந்து எழும்புகிற புறாக்களும் எங்கோ ஏற்கெனவே நடந்து முடிந்தவை போலவும், பாலேர்மோ முழுவதும் கொஞ்சம் பிந்தி எனக்கு வந்து சேர்வது போலவும் இருக்கும். அதில் கவலை ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீருக்குள் நடப்பது போல ஒரு சுகம்.

ஆறு வருடம் அப்படிப் போனது. மருமகள் ஓரத்தில் ஓடுபவள், கழகத்திலேயே வேகமானவள். அவள் எத்தனையோ தரம் விழுந்தாள். அத்தனை தரமும் எழும்பினாள்.

போன வருடம் ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நான் சிஞ்ஞோராவின் மேலங்கிக்குப் பித்தான் தைத்துக்கொண்டு பார்த்தேன். மருமகள் பந்தோடு ஓடினாள். அக்கா சொன்னா, "டேய், சனம் கம்மெண்டு போச்சுது."

"ஒண்டுமில்லை அக்கா. ஓடிக்கொண்டிருக்கிறாள்."

அது உண்மை. என் கண்ணுக்கு முன்னால் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு தரம் பந்தைத் தட்டி எடுத்தாள். காற்று அவளின் கட்டிய தலைமயிரைத் தூக்கியது. அவ்வளவு வடிவாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை. பிறகு யாரும் தொடாமல், திரும்புவதற்காக ஒரு காலை ஊன்றியவள், அப்படியே மடிந்து விழுந்தாள்.

"விழுந்தாளோ?"

"ஓம்."

"எழும்பிட்டாளோ?"

அவள் எழும்பவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இன்னும் ஒரு கணத்தில் எழும்பிவிடுவாள், எப்போதும் எழும்புகிறவள்தானே என்று நினைத்தேன். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது.

"எழும்பிட்டாள்," என்றேன்.

"அப்பாடா. சரி, சாப்பிடேல்லை இன்னும். வைக்கிறன்."

வைத்துவிட்டா. திடலுக்குள் ஒரு சிறு வண்டி வந்தது. அவளைத் தூக்கி அதில் இருத்தினார்கள். நான் திரும்ப அழைத்திருக்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று நின்றேன். சிஞ்ஞோரா கட்டிலிலிருந்து, "கூப்பிடு, கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை.

அரை மணித்தியாலம் அக்கா காருக்குள் இருந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறா. உள்ளே, வைத்தியரின் மேசையில் படுத்துக்கொண்டு மருமகள் அம்மா எங்கே என்று கேட்டபடி இருந்திருக்கிறாள். கடைசியில் கழகத்துப் பெண் ஒருத்தி தரிப்பிடம் முழுவதும் தேடி வந்து காரின் கண்ணாடியில் தட்டினாளாம்.

முழங்காலுக்குள் இருக்கும் நார் அறுந்திருந்தது. வெட்டித் தைத்தார்கள். ஒரு வருடம் விளையாட முடியாது, அதற்குப் பிறகும் பழைய வேகம் வருமா என்று சொல்ல ஏலாது என்றார்கள். கழகம் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பதாகச் சொன்னது.

அக்காவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "நீ ஏன் அப்பிடிச் சொன்னனி?" நாலு நாள் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், "எழும்புவாள் எண்டு நினைச்சு முந்திச் சொல்லிப்போட்டன்" என்று அனுப்பினேன். பதில் இல்லை. நத்தாருக்கும் இல்லை, உயிர்த்த ஞாயிறுக்கும் இல்லை.

மருமகள்தான் அழைத்தாள். அவளுக்கு அந்தி, எனக்கு முற்பகல்.

"மாமா, எனக்கு ஆக்கள் வந்து மோட்டிவேஷன் குடுத்துக் குடுத்துத் தலையிடிக்குது. உங்களோட சும்மா இருக்கலாம். ஒண்டும் கதையாதேங்கோ."

"அது எனக்கு ஏலும்."

அப்படித் தொடங்கியது. அவள் போனை நிலத்தில் சாய்த்து வைத்து, பாயில் படுத்துக் காலைத் தூக்கி இறக்குவாள். நான் சிஞ்ஞோராவின் விரிப்புகளை இஸ்திரி போடுவேன். நீராவி எழும்பி யன்னல் வெளிச்சத்தில் கரையும். ஒரு மணித்தியாலம் ஒரு சொல்லும் இல்லாமல் போகும். பேச்சில்லாத இடத்தைத் தாங்க முடியாத சிஞ்ஞோராதான் எண்ணத் தொடங்கினார். "ஊனோ, தூவே, த்ரே..." முப்பதுக்கு வந்ததும், "இன்னும் அஞ்சு, சோம்பேறி!" என்பார். மருமகள் சிரித்துக்கொண்டு இன்னும் ஐந்து தூக்குவாள். கோடைக்குள் அவளும் இத்தாலியனில் எண்ணப் பழகிவிட்டாள்.

ஒரு நாள் கால் அந்தரத்தில் நிற்கக் கேட்டாள்: "மாமா, நான் திரும்ப விளையாடுவனோ?"

முந்திச் சொல்வதில்லை என்று நான் தீர்மானித்திருந்தேன்.

"தெரியாது பிள்ளை. போன கிழமையை விட இண்டைக்கு முழங்கால் கூட மடங்குது. அது எனக்குத் தெரியுது."

அவள் காலைப் பாயில் இறக்கினாள். "இப்பிடி அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாமே, மாமா."

"ஓம்."

"அம்மா இப்ப ஒருத்தரையும் நம்புறா இல்லை. டொக்டரைக்கூட. நான் சொல்லிப்போட்டன், அப்ப நீங்களே வந்து பாருங்கோ எண்டு."

"என்ன சொன்னவ?"

"வேலி எவ்வளவு உயரம் எண்டு கேட்டவ."

இந்த வருடம், செப்ரெம்பரில், மருமகள் பதினொரு மாதத்துக்குப் பிறகு திடலுக்குள் இறங்கினாள். நான் வழமைபோல் மரத்தட்டியை ஒரு சாண் தள்ளினேன். கோப்பி, தலையணை, புனிதையில் சாய்த்த டாப்லெட். முழங்காலில் தைத்த தழும்பு தெரிகிறதா என்று சிஞ்ஞோரா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மருமகள் ஓரத்தில் நின்றாள். முதல் கால்வாசி ஆட்டத்தில் பந்து அவளிடம் இரண்டே தரம்தான் வந்தது. இரண்டு தரமும் ஓடாமல் மற்றவளுக்குக் கொடுத்துவிட்டாள். பயந்து விளையாடுகிறாள் என்பது எனக்கே தெரிந்தது.

போன் அடித்தது. அக்கா.

"டேய்."

பதினொரு மாதத்துக்குப் பிறகு கேட்ட முதல் சொல் அதுதான். அவவின் குரலுக்குப் பின்னால் பெரிய சத்தம். ஏற்றிய கண்ணாடிக்குள்ளால் வரும் சத்தம் அல்ல, சனத்தின் நடுவில் கேட்கும் சத்தம்.

"நான் உள்ளுக்கு இருக்கிறன்."

"கண்ணைத் திறந்துகொண்டோ அக்கா?"

"ஒரு கண். வாய் வந்திட்டுது உனக்கு, என்ன?" பிறகு மெதுவாகச் சொன்னா: "ஆரும் சொல்லிக் கேட்க மனம் வரேல்லையடா. அதுதான் வந்தனான். தனியக் காணவும் பயமாக் கிடக்கு. வையாதை, லைனிலயே நில்லு."

நின்றேன். டாப்லெட்டில் பந்து தூரத்தில் எங்கோ இருந்தது. திடீரென்று காதில் சனம் கத்தியது. அக்கா, "ஐயோ, மாதாவே" என்றா. பிறகு கத்தலும் இல்லை, அக்காவும் இல்லை. நான் மூச்சை அடக்கினேன். இந்தப் பக்கத்தில் நின்று அதை அடக்குவது எப்படியிருக்கும் என்று இத்தனை வருடமாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"எழும்பிட்டாள்," என்றா அக்கா. "டேய், என்ரை கண்ணால கண்டனான். எழும்பிட்டாள்."

புனிதையின் காலடியில், டாப்லெட்டில், மருமகள் இன்னும் விழவில்லை. பந்து அவளை நோக்கி அப்போதுதான் வந்தது. இந்த முறை அவள் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. ஓடினாள். ஒருமுறை தட்டி எடுத்தாள், இன்னொருமுறை. பின்னாலிருந்து ஒருத்தி பாய்ந்து இடுப்பைப் பிடிக்க, இருவரும் புரண்டு விழுந்தார்கள். சிஞ்ஞோரா வாயைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்தார்.

"பயப்பிடாதேங்கோ சிஞ்ஞோரா. எழும்புவாள்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

ஒரு பெண் விழுந்து கிடப்பதை வாழ்க்கையில் முதல் முறையாகப் பயமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னத்தில் புல் ஒட்டியிருந்தது. பட்டி சுற்றிய விரல்கள் புல்லைப் பற்றின. முதலில் ஒரு கை. பிறகு நல்ல முழங்கால். பிறகு, கொஞ்சம் யோசித்து, மற்றது.

"கண்டனியோ?" அக்கா கேட்டா.

"இன்னும் இல்லை," என்றேன். "பொறுங்கோ அக்கா... ஓம். இப்ப கண்டன்."