மாமா கீறிய துவக்கு

மாமா அந்த வேட்டைத் துவக்கை முதலில் கடதாசியில்தான் செய்தார். சுவருக்கு ஒட்டி மீந்த பூப்போட்ட கடதாசிச் சுருளைப் பின்பக்கமாகப் புரட்டி, முன்னறை நிலத்தில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு தகர மீன்பேணிகளைப் பாரம் வைத்து, முழங்காலில் நின்றபடி கீறினார். படம் துவக்கின் உண்மையான அளவிலேயே இருக்கவேண்டுமாம். கீறி முடிந்தபோது அது எங்கள் பெரிய சோபாவின் முக்கால் நீளத்துக்கு வந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்தார். எனக்கு எட்டு வயது. என் தலை துவக்கின் வாயைவிடக் கொஞ்சம் கீழே நின்றது. அதில் மாமாவுக்கு அப்படியொரு சந்தோசம்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. நோர்வேயின் வடக்கில் பல வருடம் மீன் தொழிற்சாலையிலும் பிறகு இரும்புப் பட்டறையிலும் வேலைசெய்துவிட்டு, குளிர் போதும் என்று சொல்லி லண்டனுக்கு வந்தவர். தென் லண்டனில், மிச்சம் என்ற இடத்துப் பக்கம் இருந்த எங்கள் வீட்டின் சின்ன அறையில் தங்கி, டிராமில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போய்வந்தார். நோர்வேயில் கூட வேலைசெய்தவர்கள் இலையுதிர்காலத்தில் அவரைக் காட்டுக்குக் கூட்டிப்போவார்களாம். அங்கே குதிரையைவிட உயரமான ஒருவகை மான் உண்டாம். இரவல் துவக்கால் சுட்டே பெயர் வாங்கிய மனுசனுக்கு, சொந்தமாக ஒன்று, அதுவும் தன் கைக்கும் தோளுக்கும் அளவெடுத்துத் தானே செய்த ஒன்று வேண்டும் என்ற ஆசை பிடித்துவிட்டது. பட்டறை முதலாளி ஸ்கொட்லாந்து மலையில் மான் சுடும் அனுமதி உள்ளவர். துவக்கு இருந்தால் நீயும் வரலாம் என்று அவர் ஒருநாள் சொன்னதுதான் தாமதம், மாமா கடதாசியை விரித்துவிட்டார்.

ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்டேன்.

"அந்த மலையில கிட்டப் போகேலாது பிள்ளை. எட்டத்தில நிண்டு ஒரே வெடியில விழுத்தோணும். சின்னக் குண்டெண்டா அது காயத்தோட ஓடிக் கிடந்து நோவில உத்தரிக்கும்."

குழலையும் மற்ற இரும்புச் சாமான்களையும் பொலிஸ் அனுமதி கிடைத்த பிறகு, அதற்கென்று உள்ள கடையில்தான் வாங்கலாம். கடைக்காரரே அவற்றைப் பொருத்தியும் தருவார். தோளில் வைக்கிற மரப்பாகம் முழுவதும் மாமாவின் கைவேலை. அதற்கு வால்நட் பலகைகூடப் பார்த்து வைத்துவிட்டார். பிள்ளை பிறக்க முன்னமே தொட்டில் கட்டுகிற ஆள் அவர்.

அம்மாவுக்குத் துவக்கு என்ற சொல்லே ஆகாது. வீட்டில் யாரும் அதை வாயால் சொல்லக் கூடாது, 'அது' என்றுதான் சொல்லவேண்டும். போர் நடந்த காலத்தில் மன்னாரிலிருந்து பதினேழு வயதில் மாமாவைக் கடல் கடத்தி அனுப்பியதே அவர் கையில் யாரும் 'அதை'க் கொடுத்துவிடக் கூடாது என்றுதான். அப்படிக் காப்பாற்றி அனுப்பிய தம்பி நோர்வேயில் போய்ச் சொந்த விருப்பத்தில் அதைத் தூக்கியிருக்கிறான் என்றால் எந்த அக்காவுக்குத்தான் செரிக்கும். படத்தைக் கண்ட அன்று அம்மா மீன்பேணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு சமைக்கக் குசினிக்குப் போய்விட்டார். கடதாசி தானாகச் சுருண்டுகொண்டது. அதன்பின் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவே நான்தான் தபால்காரி. "உன்ர மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார் அம்மா. மாமா இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

சமாதானம் செய்தது அப்பா. "விண்ணப்பம் போடட்டும் விடு. வந்தேறின தமிழனுக்கு இந்த ஊர்ப் பொலிஸ் அது குடுக்குமெண்டு நினைக்கிறியோ?" என்று அம்மாவின் காதில் ஓதினார். அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டது. பொலிஸ் மாட்டேன் என்று சொல்லும், பழி பொலிசோடு போய்விடும். ஆகவே படிக்கட்டின் கீழ் உள்ள சின்ன அறையில் மாமா ஒரு இரும்பு அலுமாரியைச் சுவரோடு இறுக்கிப் பூட்டியபோதும் அம்மா தடுக்கவில்லை. அனுமதி தருவதற்கு முன் துவக்கை வைக்கும் இடத்தைப் பார்க்க பொலிசிலிருந்து ஆள் வருவார், வீட்டில் உள்ளவர்களோடும் கதைப்பார் என்று மாமா சொல்லிவைத்திருந்தார்.

ஆள் வருகிற நாளன்று அம்மா காலையிலிருந்தே இரண்டு வேலை பார்த்தார். ஒன்று, மீன் வைத்து ரோல்ஸ் பொரித்தது. மற்றது, ஒளித்தது. வீட்டுக்குப் பொலிஸ் வரப்போகிறது, வீட்டில் துவக்கு சம்பந்தப்பட்ட சாமான் இருக்கிறது என்றால் எங்கள் ஆட்களின் கை என்ன செய்யுமோ அதைத்தான் அம்மாவின் கையும் செய்தது. மாமாவின் படச்சுருள் பாய்க்குள் போனது. வால்நட் பலகை கட்டிலுக்குக் கீழே போனது. இரும்பு அலுமாரிக்கு முன்னால் அரிசி மூட்டைகளை அடுக்கி, மேலே பழைய சேலையொன்றைப் போர்த்து, உச்சியில் மடு மாதா சுரூபத்தையும் வைத்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் அரிசியிலேயே மறைத்தாயிற்று. எனக்கும் கட்டளை வந்தது. "என்ன கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லு."

வந்தவர் மாமா வேலையால் வருவதற்கு முன்பே வந்துவிட்டார். சீருடை இல்லை. நரைத்த தலையும் கம்பளிச் சட்டையுமாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். வாசலில் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்துத் தன் சப்பாத்தையும் கழற்றினார். வணக்கம் சொல்லி என் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

அடுத்து, துவக்கு வைக்கும் அலுமாரி எங்கே என்று அம்மாவிடம் கேட்டார்.

"நோ கப்போர்ட்," என்றார் அம்மா. "நோ கன். நோ பிரதர்."

மனுசன் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார், கதவிலிருந்த வீட்டு இலக்கத்தைப் பார்த்தார், பிறகு மேசையில் அடுக்கியிருந்த ரோல்சைப் பார்த்தார். தவறான வீட்டுக்கு வந்துவிட்டேனோ, மன்னிக்கவேண்டும் என்று வாசலுக்குத் திரும்பி ஒரு காலில் சப்பாத்தையும் போட்டுவிட்டார். அந்த நேரம் மாமா உள்ளே வந்தார். தன் கனவு வாசலில் நின்று மற்றக் காலுக்குச் சப்பாத்துத் தேடுவதைக் கண்ட அவருடைய முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பிறகு நடந்தது ஒரு ஊர்வலம்தான். மாமா மாதாவை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் தந்தார். சேலையை உரித்தார். அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். வந்தவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு மூட்டைக்குக் கைகொடுத்தார். அலுமாரியை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். இவ்வளவு நன்றாக மறைத்துவைத்த அலுமாரியைத் தான் எந்த வீட்டிலும் கண்டதில்லை என்றார். பாய்க்குள்ளிருந்து வந்த படத்தை நிலத்தில் விரித்தபோது அவரும் முழங்காலில் குந்திவிட்டார். இரண்டு பேரும் அரை மணித்தியாலம் எழும்பவில்லை. மாமாவின் ஆங்கிலம் நோர்வே வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வரும், அன்று அது நேர்வழியில் வந்தது.

அம்மாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. பொலிஸ் மாட்டேன் என்று சொல்லும் என்ற அப்பாவின் சாத்திரம் அவர் கண்முன்னே பொய்த்துக்கொண்டிருந்தது.

கடைசியாக வந்தவர் அம்மாவுக்கு எதிரே கதிரையில் இருந்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அலுமாரி சரி, ஆளும் சரி, ஆனால் இது உங்கள் வீடு, இந்த வீட்டில் ஒரு துவக்கு இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். உங்களுக்குப் பயமாக இருந்தால், வேண்டாம் என்றால், சொல்லுங்கள். நான் அப்படியே எழுதுவேன், அனுமதி கிடைக்காது என்றார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்ன சொல்வார் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கவில்லையாக்கும் என்று நான் உரக்க மொழிபெயர்த்தேன். "அம்மா, வீட்டில துவக்கு வைச்சிருக்க உங்களுக்கு ஓமோ எண்டு கேக்கிறார்." அந்தச் சொல்லை வீட்டுக்குள் சொன்னதற்கு அடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை.

"எனக்கு விளங்கினது," என்றார் அம்மா. "அவரை இன்னொருக்காக் கேக்கச் சொல்லு."

சொன்னேன். அவர் மறுபடியும், இன்னும் ஆறுதலாகக் கேட்டார். உங்கள் வீட்டுக்குள் ஒரு துவக்கு வரலாமா? அம்மா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். கண் நிறைந்திருந்தது. மிளகாய் பொரித்த புகை என்று நான் நினைத்தேன்.

"யெஸ்," என்றார். "கேன் கம்."

மாமா கண்ணைத் திறக்கவே இல்லை. அம்மா அதோடு விட்டாரா? அலுமாரிப் பூட்டின் திறப்பு தன்னிடம்தான் இருக்கவேண்டும் என்றார். அனுமதி உள்ளவரைத் தவிர வேறு யாரும் திறப்பு வைத்திருக்கச் சட்டம் இல்லை என்றார் வந்தவர். அப்படியென்றால் தவக்காலத்தில் மிருகம் சுடக் கூடாது என்றார் அம்மா. அது சட்டத்தில் இல்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அவர் ரோல்ஸ் பொதியோடு புறப்பட்டார்.

அனுமதி வந்தது. மாமா அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொல்லைக் கொட்டிலில் வால்நட் மரத்தைச் செதுக்கித் தேய்த்து எண்ணெய் பூசினார். குழல் பொருத்தி வீட்டுக்கு வந்த துவக்கு கடதாசியில் இருந்ததிலும் வடிவாக இருந்தது. அடுத்த இலையுதிர்காலத்தில் ஸ்கொட்லாந்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. ஒரே வெடி என்றார் மாமா. எட்டத்தில் நின்ற கலைமான் இருந்த இடத்திலேயே விழுந்ததாம். நான் சோபாவில் ஏறி நின்று துள்ளினேன். அப்பா தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, பொலிஸ் கொடுக்கும் என்று தனக்கு முதலே தெரியும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் பங்குச் சனமே எங்கள் வீட்டில்தான். வறுத்த மிளகாய்த்தூள் போட்டு, பெரிய சட்டியில் மான் இறைச்சிக் கறி. முன்னறையில் மாமா ராசாவாக இருந்து, காற்று எந்தப் பக்கம் அடித்தது, தான் எப்படி மூச்சைப் பிடித்தார் என்று கைகாட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் தரம் இறைச்சி வாங்கக் கோப்பையோடு குசினிக்கு ஓடினேன்.

அங்கே அம்மா அகப்பையைப் பிடித்தபடி வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தார். சட்டியைச் சுற்றி மன்னார், முல்லைத்தீவுப் பெண்கள். ஒருவரும் சாப்பிடவில்லை.

"உங்களிட்டயோ கேட்டவர்?" என்றார் ஒரு மாமி.

"ஓம். என்னட்டத்தான். வீட்டுக்குள்ள துவக்கு வரலாமோ எண்டு."

"வேண்டாமெண்டு சொல்லியிருந்தா?"

"வந்திராது."

மாமி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தார். இன்னொருவர், திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ அக்கா என்றார். முன்னறையில் மான் விழுகிற கட்டம் வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு, யாரோ ஒருவர் கேட்டார் என்பதை இத்தனை பேர் வாய்பார்த்து நிற்பது எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. அந்தக் குசினியில் நின்ற ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் ஊரில் துவக்கு நுழைந்திருக்கிறது என்பதும், ஒன்றாவது வாசலில் நின்று கேட்டுவிட்டு நுழையவில்லை என்பதும் எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர்கள் விலகாமல் சட்டிக்குக் கிட்டப் போக ஏலாது என்பதுதான்.