பூசையன்று பொறியில் ஊற்றிய புட்டி

பொறி எண்ணெயில் கலக்கும் புட்டிச் சரக்கை ‘டானிக்’ என்று சொல்லிப் புது மகிழுந்துகளில் ஊற்றும் வழக்கம் உத்திரமேரூர்ப் பகுதியில் இன்னும் ஒழியவில்லை. ஆதலால் இதனை எழுதி வைக்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள்; நான் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றிருந்தேன். முழங்கால் தேய்ந்து பேருந்துப் படியேற இயலாத என் மனைவியைக் வாரந்தோறும் காஞ்சிபுரத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லவே ஒரு புது மகிழுந்து வாங்கினேன். உடன் வந்த கையேட்டை வரி விடாது படித்தேன். குறித்த எண்ணெயன்றி வேறெதுவும் சேர்த்தல் ஆகாது. சேர்த்தால் பொறிக்கு உத்தரவாதம் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பணிமனைக்காரர், ஆயுத பூசையன்று வாடிக்கையாளர் வண்டிகளை வரிசையில் நிறுத்திக் கற்பூரம் காட்டுவார். தேங்காய் உடைத்ததும் வண்டிக்கு ஒரு புட்டி ஊற்றுவது அவரே ஏற்படுத்திய சடங்கு. புகை கக்கும் பழைய டிராக்டர்களுக்குத் தொடங்கியது அது. நான் திருநீறு பெற்றுத் திரும்புவதற்குள் அக்கெட்டிக் குழம்பு பாதிக்கு மேல் என் வண்டிக்குள் இறங்கிவிட்டது.

“யாரைக் கேட்டு ஊற்றுகிறீர்?”

“இன்னா வாத்தியாரே, நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணிக்கினு! சாமி பேர்ல ஊத்துறது. துட்டு கூட வேணாம்.”

“கூடாதென்று கையேட்டில் இருக்கிறது.”

“பொஸ்தகம் எழுதனவன் நம்ம ரோட்டுல வண்டி ஓட்டிக்கிறானா?”

நின்றிருந்தோர் சிரித்தனர். பூசையில் தந்ததை மறுப்பதா என்று மீதியையும் ஊற்ற விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என்மீதே எனக்குச் சினம் மூள்கிறது.

எண்ணெய் முன்னரே முழு அளவில் இருந்தது. அதன்மேல் ஒரு புட்டி. விசயதசமி கழிந்த மறுநாள் காஞ்சிபுரம் செல்கையில், மாகறலைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தம் குன்றியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. பொறியை அணைத்தேன். வண்டிக்குள் வெப்பம் தாளாமல், என் மனைவி புளியமரத்தைப் பற்றியவாறு இரண்டு மணி நேரம் நின்றாள்.

“காப்பியடிச்ச பசங்கள அந்த அடி அடிச்சீங்க. ஒரு பாட்டில புடுங்கத் தெரியலியே ஒங்களுக்கு!” என்றாள். அன்றைய மருத்துவம் தவறியது.

வண்டியைக் கட்டி இழுத்துச் சென்று வண்டியை விற்ற நிறுவனத்தின் பணிமனையில் விட்டோம். எண்ணெயை வடித்தபோது நுரை நுரையாக வந்தது. அளவுக்கு மிஞ்சியதைப் பொறிக்குள் சுழலும் தண்டு அடித்து நுரையாக்கிவிட்டதாம். பொறி தப்பியது, உத்தரவாதம் போயிற்று. உத்தரவாதம் செல்லாதென்று எழுதிக் கொடுத்த இளைஞனே, மேசைமேல் அடுக்கியிருந்த ‘டானிக்’ புட்டிகளில் ஒன்றை நீட்டினான்.

“இது போட்டுக்கோங்க சார், ஸ்மூத்தா போவும்.”

“கையேட்டில் தடுப்பதும் நீங்கள், விற்பதும் நீங்களா?”

“அது வேற டிபார்ட்மென்ட் சார்.”

அத்துணைச் சினம் என் பணிக்காலத்திலும் எனக்கு வந்ததில்லை. பழைய எண்ணெய் முழுவதையும் என் கண்முன் அகற்றச் செய்து, கையேடு குறித்ததை மட்டும் நிரப்பச் செய்த பின்னரே அவ்விடம் விட்டு அகன்றேன்.

கேடு விளைத்தது அச்சரக்கா, மிகுந்த அளவா என்று பிரித்துரைக்கும் பொறியறிவு எனக்கில்லை. அறிந்தோர் என் பிழையைத் திருத்துக. ஆனால் உடையவரைக் கேளாது ஊற்றியது தவறு என்பதில் எனக்கு எவர் திருத்தமும் வேண்டா.