மூன்று மணி நேரக் கொடி

மாரத்தானில் பேஸர் என்பவன் சொன்ன நேரத்துக்கு முன்னாலும் போகாமல் பின்னாலும் தங்காமல், கொடி பிடித்து மற்றவர்களைக் கூட்டிப்போகிறவன். ஓடத் தெரிந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உங்களில் கொடி பிடித்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள்.

நான் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு, காலை வேளையில் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் நடக்கப் போனேன். நடை ஓட்டமானது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே அளவில் உருப்படி எடுத்துப் பழகிய கை; அந்தப் பழக்கம் எப்படியோ காலுக்கும் இறங்கிவிட்டது. எங்கள் ஊர் அரை மாரத்தானில் மூன்று மணி நேரக் கொடி என்னுடையது. அதுதான் கடைசிக் கொடி. அதற்குப் பின்னால் வேன்தான் வரும். பின்தங்கியவர்களை ஏற்றிக்கொண்டு போகும்.

எந்தக் கட்சி?

முதல் வருடம் பாகலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பெரியவர் டெம்போவில் தக்காளி கிரேட் ஏற்றிக்கொண்டிருந்தார். என் கொடியைப் பார்த்தார், பின்னால் வந்தவர்களைப் பார்த்தார், கிரேட்டைக் கீழே வைத்தார். "எந்தக் கட்சி?" என்று கேட்டார். கட்சி இல்லைங்க, ஓட்டப் பந்தயம் என்றேன்.

அவர் நம்பவில்லை. எங்களுக்கு முன்னால் போன கூட்டத்தையும் பார்த்திருக்கிறார் போல. "பந்தயம்னா முன்னால போனானுங்களே, அவனுங்களத் தொரத்து! அத வுட்டுட்டு கொடியத் தூக்கினு ஊர்வலம் போற!"

சாம்பார்

போன வருடம் புறப்படும் இடத்தில் ஓர் அம்மாள் என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு நின்றாள். பெயர் ரத்னா. ஒரு கம்பெனி கேண்டீனில் பரிமாறுகிற வேலை. நாற்பதைத் தாண்டியவள், சேலையில்தான் ஓட வந்திருந்தாள். அதற்கு முந்தின வருடம் யாருடைய கொடியோடும் சேராமல் தனியாக ஓடி, முடிய இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வேனில் ஏற்றப்பட்டவள். அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அவளுக்கு 'வேன் ரத்னா' என்று பெயர். வைத்தவன் வெல்டர் முருகேசன். சூளகிரிக்காரன். அவனும் அன்றைக்கு என் கொடிக்குப் பின்னால்தான் நின்றான், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"எப்படியாவது என்னை ஓடியே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்கண்ணா" என்றாள். வேனில் போவது குற்றமில்லையம்மா என்றேன். அவள் முருகேசனை முறைத்தாள். "உங்களுக்கென்னண்ணா தெரியும்? சாம்பார் ஊத்தப் போனா, 'இது நடந்து வந்த சாம்பாரா, வேன்ல வந்த சாம்பாரா'ன்னு கேக்கறானுங்க!"

சங்கு

பாதி தூரம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. பேச்சும் சிரிப்புமாக வந்தார்கள். நாங்கள் கம்பெனிகள் இருக்கிற சாலைக்குத் திரும்பியபோது ஒரு தொழிற்சாலையில் சங்கு ஊதியது. ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் ஓடுகிற இடம். அவ்வளவுதான். என் பின்னால் வந்த கூட்டம் மொத்தமும், எல்லாம் கம்பெனி ஆட்கள், என்னைத் தாண்டிப் பறந்தது. கேட் மூடுவதற்குள் கார்டு தேய்க்க ஓடுகிற அதே ஓட்டம். ரத்னா எல்லாருக்கும் முன்னால் போனாள். "மெதுவா, மெதுவா!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

எனக்கும் கால் துடித்தது. முப்பது வருடம் அந்தச் சங்குக்கு ஓடிய கால். ஆனாலும் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் வேகத்திலேயே போனேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. அடுத்த வளைவில் அத்தனை பேரும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். முருகேசன்தான் வாயைத் திறந்தான். "நமக்கு லீவுதான்னு மண்டைக்குத் தெரியுதுண்ணா, காலுக்குத் தெரியலயே!"

மேம்பாலம்

அந்தப் பாய்ச்சலுக்கான விலை மேம்பாலத்து ஏற்றத்தில் தெரிந்தது. ரத்னா நின்றுவிட்டாள். "ஆகல்லா அண்ணா, ஆகல்லா" என்றாள், முடியாது என்று. பிறந்த வீடு கர்நாடகா பக்கம். மூச்சு முட்டினால் கன்னடம்தான் வரும். திரும்பிப் பார்த்தேன். ஏற்றத்தின் அடியில் வேன் உருண்டு வந்துகொண்டிருந்தது.

பேஸர் நிற்கக் கூடாது. ஒருத்திக்காக நின்றால் கொடியை நம்பி வந்த மற்றவர்களுக்கு நேரம் தவறிவிடும். நிற்காமல் போனால் அவளை வேன் ஏற்றிக்கொள்ளும். கொடி பிடித்த உங்களில் பலர் இந்த இடத்தில் மாட்டியிருப்பீர்கள். நான் கொடியை அவள் கையில் கொடுத்தேன். "பிடிம்மா. நீ நின்னா இவங்க எல்லாரும் நின்னுடுவாங்க" என்றேன். பின்னால் வந்த முகங்களைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். பசியோடு நிற்கிற வரிசையை ஒருநாளும் காக்க வைக்காதவள் அவள். நடந்தாள், பிறகு ஓடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே ஓடி, வேகத்தை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன். பாலத்தின் உச்சியில் முருகேசன் தளர்ந்து பின்னால் போனான். கொடியை ஆட்டிக் கூப்பிட்டாள். "டேய் முருகேசா, பந்தியில மட்டும் முந்திக்கத் தெரியுதில்ல? வாடா!"

முன் சீட்டு

எல்லைக்கோட்டில் இருந்த கடிகாரம் மூன்று மணி நேரத்தைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. ரத்னா கொடியோடு உள்ளே போனாள். கடைசி ஆளாக முருகேசன் விழுந்தடித்து வந்து சேர்ந்தான். ஒருவர்கூட விடுபடவில்லை. அமைப்பாளர் ஒருவர் ஓடி வந்து, கொடியை எப்படி இன்னொருவர் கையில் கொடுக்கலாம் என்று கேட்டார். கொடி நேரத்துக்கு வந்ததா இல்லையா என்று நான் கேட்டேன். கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

முருகேசன் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ரத்னா அவன் எதிரில் போய் நின்றாள். கொடியை ஊன்றிப் பிடித்திருந்தாள். அவனே எழுந்து கும்பிட்டு, "இனிமே அப்படிக் கூப்பிடலக்கா" என்றான். அப்போது வேன் காலியாக வந்து நின்றது. முந்தின வருடம் அவளை ஏற்றிவந்த அதே டிரைவர். இறங்கி, பதக்கத்தோடு நின்ற ரத்னாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, உனக்குன்னு முன் சீட்டக் காலியா வெச்சினு வந்தேன், இப்படி ஏமாத்திட்டியே!"

கடைசிக் கொடியோடு வந்துவிட்டுத் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகிறவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.