புது லெப்டொப்பில் கட்டிய சொல்

"சேர், லாத்தா இப்ப என்ன சொல்ல ஆசப்படுறா?"

போன மாதம் என் மனைவியைப் பற்றி என்னிடம் இப்படிக் கேட்ட அன்வர் சேர் நேற்றுக் காலை மௌத்தாகிவிட்டார். நெஞ்சு வலி என்றாராம்... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அஸர் தொழுகைக்குப் பிறகு சம்மாந்துறையில் அடக்கினோம்.

கல்முனையில் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவர். நான் கணிதம், அவர் ஐ.சி.டி.

பக்கவாதம் வந்து என் மனைவியின் பேச்சு போனபோது, ஒரு பழைய டச் ஸ்கிரீன் லெப்டொப்பில் அவளுக்கென்று ஒரு ப்ரோக்ராம் எழுதித் தந்தார். படத்தைத் தொட்டால் குரல் வரும். தண்ணி. தேத்தண்ணி. தூக்கம் வருது.

குரல் அவருடைய மனைவியுடையது. "இனி உங்கட ஊட்டுல என்ட பொஞ்சாதிதான் கதைப்பா சேர். ஏச்சு விழுந்தா என்னக் கேக்கப்படா!" என்று சிரித்தார்.

போனில் செய்யலாமே என்பீர்கள். அவளுக்குக் கை நடுங்கும். பெரிய திரையில்தான் விரல் சரியாக விழும்.

போன மாதம் அந்தக் கேள்வியோடு வந்த அன்று, அவர் காட்டிய எல்லாப் படத்தையும் அவள் வேண்டாமென்று தள்ளினாள். கடைசியில் ஒரு தாளில், கதவோரம் ஒடுங்கி நிற்கும் ஒரு பெண்ணை வரைந்தார். அந்தத் தாளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பயமா இருக்கு. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்த சொல். இத்தனை நாளும் அந்தச் சொல் இல்லாமல்தான் இருந்திருக்கிறாள்...

ப்ரோக்ராமில் அதைச் சேர்த்து இந்தக் கிழமை அனுப்பினார். எங்கள் மெஷினில் திறக்கவில்லை. 'இந்த வேர்ஷன் இல்லை' என்று ஒரு வரி மட்டும் வந்தது.

போன் எடுத்தேன். "ஐயோ சேர், என்ட புது லெப்டொப்புல வெச்சி ப்ரோக்ராமக் கட்டிட்டன். துண்டெல்லாத்தையும் சேக்கிற லிங்கர், எல்லா ப்ரோக்ராமும் பொதுவாப் பாவிக்கிற லிப்ரரியில இங்க இரிக்கிற புதுசப் பாத்து, அதான் வேணுமென்டு எழுதி வெச்சிட்டு. உங்கடத்தில பழசுதானே இரிக்கி."

"அப்ப, மாடி ஊட்டுல வளந்த மாப்பிள்ள நம்மட ஊட்டுக்கு வந்து ஏசி கேக்கிற மாதிரி?"

"ஓம் ஓம், அதேதான்! சின்ன ஊட்டுல வளந்தவன் எந்த ஊட்டுலயும் இருப்பான். வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வாறன், உங்கட மெஷின்லயே வெச்சிக் கட்டித் தாறன். அதுவரைக்கும் லிப்ரரியில கை வெச்சிராதீங்க சேர். எல்லாம் அதுலதான் நிக்கிது... இரிக்கிற சொல்லும் போயிரும்."

இன்று வெள்ளிக்கிழமை.

அவர் எழுதியதெல்லாம் அந்தப் புது லெப்டொப்பில் இருக்கிறது. அவருடைய மனைவி இத்தாவில், கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் காலம். அந்நிய ஆண் நான் முன்னால் போய் நின்று கேட்க முடியாது. அவருடைய மச்சினனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் தெரியா சேர்..."

பெண்கள் அந்த வீட்டுக்குள் போகலாம். காலையில் என் மனைவியைக் கூட்டிப்போய் வாசலில் விட்டேன். ஆறுதல் சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் லெப்டொப்பின் முன்னால் இருந்தாள். தண்ணி என்று தொட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன், தள்ளிவிட்டாள். மறுபடியும் தண்ணி. மறுபடியும்...

அவள் கேட்பது தண்ணி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அன்வர் சேர், அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். போய் வாருங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் எழுதித் தந்த ப்ரோக்ராம் இருந்தால், அவரை இன்றைக்கே கூப்பிட்டு, உங்கள் மெஷினிலேயே ஒருமுறை கட்டச் சொல்லிப் பாருங்கள்.