தாத்தாவுக்கு வலியே கிடையாது

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் வீட்டில் மாத்திரைப் பொறுப்பு என்னிடம்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. எண்பதுகளின் தொடக்கம், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் எஸ்டேட், எனக்குப் பன்னிரண்டு வயது. சின்னத் தாத்தாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். டவுன் ஆஸ்பத்திரியில் வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. வலி முத்தட்டும்னு காத்திருக்கக் கூடாது. சேர்த்துப் போடக் கூடாது. சாராயம் தொடவே கூடாது" என்று அங்கிருந்த நர்ஸ் மிசி என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

யார் கேட்டது? காலையில் நீட்டினால், "எனக்கென்ன வலி? போ புள்ள" என்பார் தாத்தா. பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொழுது சாய்ந்ததும் என்னைக் கெஞ்சி, விட்டதையும் சேர்த்து வாங்கிப் போட்டுக்கொள்வார். அவர் மகளான அத்தை தலையில் அடித்துக்கொள்வாள். "வலிக்குதுன்னு சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்திடுமா?"

ஒரு சாயங்காலம் அவர் கெஞ்சலுக்கு இளகி, ஒன்று கூடுதலாக மூன்று மாத்திரை கொடுத்தேன். பக்கத்து வீட்டார் இரக்கப்பட்டுச் சம்சு சாராயம் கொடுத்திருந்தார்கள்; அதையும் குடித்திருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தாத்தாவை உலுக்கினோம். எழவில்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது. எஸ்டேட் லோரியில் போட்டு ஓடினோம்.

பிழைத்துவிட்டார். நாலாம் நாள் இளவயது மலாய் டாக்டர் வந்தார். வலி எப்படி என்று கேட்டார். மிசி தமிழில் சொன்னார். படுத்திருந்த மனிதர் கட்டிலைப் பிடித்து எழுந்து நிமிர்ந்து நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க தொரை. வேலைக்குப் போவேன்."

"பொய்ங்க மிசி! பாயைக் கடிச்சிக்கிட்டுக் கிடக்கிறாரு லா!" என்றாள் அத்தை.

டாக்டர் என்னைப் பார்த்தார். தாத்தாவும் பார்த்தார். "வலி இல்லீங்க" என்றேன் நான்.

வலி இல்லாதவருக்கு அந்த மாத்திரை எதற்கு? பாதியாகக் குறைத்துவிட்டார்கள். பஸ்ஸில் அத்தை எங்களை விட்டுத் தள்ளிப்போய் முன் சீட்டில் உட்கார்ந்தாள். தாத்தா என் தோளைத் தட்டினார். அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

விடியலில் பெயர் கூப்பிடும் பெரட்டில், 'முடியலை' என்று சொன்ன கிழவர்களின் பெயரைக் கணக்கெழுதும் கிராணி அடித்துவிடுவாராம். பெயர் போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். நாற்பது வருஷம் அங்கே வலியை மறைத்து நிமிர்ந்து நின்று பழகியவர் தாத்தா. அவர் பெயரை அடித்தே வெகுகாலமாகியிருந்தது. வீடோ அத்தை பெயரில் இருந்தது. பயப்பட ஒன்றுமே மிச்சமில்லை. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

அதன்பிறகு மூன்று மாதம் இருந்தார். தினமும் காலையில் அந்தப் பாதி மாத்திரையை நான்தான் நீட்டினேன்.