பச்சைத்தண்ணீர்க் குழாய்க்குப் போர்வை

தீபாவளிக்கு மறுநாள் குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டினால் என் கணவர் ஹோலி வரை கழற்ற மாட்டார். தில்லிக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகியும், இந்த ஊர்க் குளிர் தன்னை மட்டும் தேடித்தான் இறங்குகிறது என்று அவருக்கு நினைப்பு. அலுவலகத்தில் ஐம்பது பேரை மேய்க்கிற அதிகாரி. வீட்டில் கீசர் சுவிட்ச் எது, விளக்கு சுவிட்ச் எது என்று இன்றுவரை கேட்டுத்தான் போடுவார்.

ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் இரண்டாம் மாடி. கீசர் குளியலறையில் இருக்கிறது. அங்கிருந்து சமையலறைக்கு வெந்நீர் கொண்டுபோக ஓர் இரும்புக் குழாய், பின்பக்க பால்கனிச் சுவரை ஒட்டிப் பத்தடி தூரம் திறந்தவெளியில் ஓடுகிறது. அதன் பக்கத்திலேயே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பச்சைத்தண்ணீர்க் குழாய். மார்கழி வந்துவிட்டால் கீசர் தண்ணீர் அந்தப் பத்தடியைக் கடப்பதற்குள் ஆறிவிடும். வெதுவெதுப்பு எட்டிப் பார்க்கும்போது நான் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பேன்.

போன குளிரில் என் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. காலையில் கையை மடக்க முடியாது. தோல் வெடித்து, புளி கரைத்தால் உயிர் போகும். குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கவே கூடாது, வைத்தால் விரல் கோணிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். அதனால் நவராத்திரியின்போதே அவரிடம் சொல்லி வைத்தேன்.

"என்னங்க, குளிர் வர்றதுக்குள்ள பின்னாடி குழாய்க்கு ஏதாவது பண்ணணும். கை தாங்கல."

"பண்ணிடலாம், பண்ணிடலாம்" என்றார்.

பண்ணினார். கார்த்திகை பிறந்ததும், கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி மகன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் உறைந்து, இரும்பு வெடித்து, வீடு வெள்ளமாகிறதாம். அதைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. குழாயைச் சொட்டவிட்டால் உறையாது என்று அதில் சொன்னானாம். காலையும் மாலையும் அளந்து தண்ணீர் விடுகிற ஊரில், சமையலறைக் குழாயைச் சொட்டவிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார். அவர் படி இறங்கியதும் நான் மூடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை வரவழைத்தார். ஏ.சி. குழாய்க்குப் போடுகிற கறுப்பு ஸ்பாஞ்ச் உறை, ஒரு கட்டு டேப். பச்சைத்தண்ணீர்க் குழாயைக் காட்டி, இதற்குச் சுற்று என்றார். பிளம்பர் தலையைச் சொறிந்தான்.

"சாப், தில்லீ மே பானி நஹீ ஜம்தா. கரம் வாலா பைப் லபேட் லோ."

தில்லியில் தண்ணீர் உறையாது, சுற்றுவதானால் வெந்நீர்க் குழாயைச் சுற்றுங்கள் என்கிறான். அவனுக்குத் தெரிந்தது.

"அது சூடாத்தானே இருக்கு. அதுக்கு எதுக்குப் போர்வை?" என்றார் என்னிடம் தமிழில், அவனைப் பரிதாபமாகப் பார்த்தபடி.

"எனக்கு வேண்டியது அந்தக் குழாய்தாங்க" என்றேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது."

பச்சைத்தண்ணீர்க் குழாய் கழுத்து முதல் கால் வரை கறுப்பு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டது. தனக்கு ஒரு குல்லாய், குழாய்க்கு ஒரு சட்டை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, கேவலமாக இருந்தது. சமையலறைக் குழாயடியில் இருபத்தாறு வருடத்தில் ஒரு டம்ளரைக்கூட அவர் அலம்பியதில்லை. எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர் வந்தால் அவருக்கென்ன?

செவ்வாய்க்கிழமை அவர் ஆபீஸ் போனதும் கத்தரிக்கோலை எடுத்தேன். அரைமணி நேர வேலை, என் விரல்களுக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. டேப்பைக் கீறி, உறையைக் கழற்றி, வெந்நீர்க் குழாய்க்கு மாட்டி, மறுபடி சுற்றினேன். மறுநாள் காலை திறந்த சற்று நேரத்திலேயே சூடு கைக்கு வந்தது. பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்று கொஞ்சம் அழுதேன்.

அவர் கவனிக்கவே இல்லை. தினமும் பால்கனியில் நின்று பல் தேய்ப்பார், கறுப்பாக ஏதோ தெரியும், திருப்தியாகத் துப்பிவிட்டு வருவார்.

தை பிறந்து, மலை மந்திர் முருகன் கோவிலில் தைப்பூசம் முடிந்த மறுநாள், தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். நான் காபிக்கு டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். இருவரும் பால்கனிக்கு வந்தார்கள்.

"இதான் சார் நான் சொன்னது. பச்சைத்தண்ணிக் குழாய். நான் மட்டும் விட்டிருந்தா இந்தக் குளிருக்கு வெடிச்சிருக்கும்."

நண்பர் உறை முடிகிற இடத்தில், வெறும் இரும்பில் விரலை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சார், இது சுடுதே."

இவர் குழாயைப் பார்த்தார். பக்கத்தில் மொட்டையாக நின்ற குழாயைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.

"அது வெந்நீர்க் குழாய்" என்றேன். "ரெண்டு மாசமா அதுக்குத்தான் போட்டிருக்கு."

நண்பர் வானத்தைப் பார்த்தார். இவர் குல்லாயைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு காபி கொண்டா" என்றார்.

நான் கையை எடுக்கவில்லை. தண்ணீர் நல்ல சூடாக வந்துகொண்டிருந்தது.